வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்ட என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? உம்ராவுக்கும் சுற்றுலாவுக்கும் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி



முன்பெல்லாம் உம்ரா என்றால் ஒரு குழுவோடு போய் அதே குழுவோடு திரும்புவதுதான் வழக்கம். இப்போது குடும்பமாகத் தாமே விசா எடுத்து, தாமே அறை பதிவு செய்து செல்வோர் பெருகியிருக்கிறார்கள். ஜித்தாவில் இறங்கி ஒரு காரை வாடகைக்கு எடுத்தால், வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மக்கா, மதீனா, தாயிஃப் என்று சிரமமின்றிப் போய்வரலாம் என்பது பலரது திட்டம். துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர்களும், மலேசியாவுக்குச் சுற்றுலா செல்கிறவர்களும் இப்படியே நினைக்கிறார்கள்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, "ஹஜ்ரத், நம்மூர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. ஆலிமிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் சிரிக்கக்கூடும். நம் பார்வையில் இது மார்க்கத்தோடு நேரடித் தொடர்புடைய கேள்விதான். வாடகைக் கார் நம் கையில் இருக்கும் அமானத். சாலையில் நடப்பவரின் உயிர் அதைவிடப் பெரிய அமானத். ஆவணம் சரியாக இல்லாமல் ஓட்டும்போது இரண்டு அமானத்துகளையும் ஆபத்தில் வைக்கிறோம். எனவே முதலில் நடைமுறையையும், பிறகு அதன் மார்க்கச் சட்டத்தையும் விளக்குகிறோம்.

ஐ.டி.பி. என்பது உரிமம் அல்ல

மக்கள் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று அழைக்கும் ஆவணத்தின் சரியான பெயர் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமாக ஐ.டி.பி. தமிழில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு எனலாம். பெயரிலுள்ள வித்தியாசம் முக்கியமானது. உலகம் முழுவதும் செல்லும் ஓட்டுநர் உரிமம் என்று ஒன்று கிடையாது. நம் நாட்டு உரிமத்தில் உள்ள விவரங்களைப் பல மொழிகளில், எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் புரியும் ஒரே அமைப்பில் எடுத்துச் சொல்லும் சிறு புத்தகம்தான் ஐ.டி.பி. அதற்குத் தனி உயிர் இல்லை. நம்மூர் உரிமம் உடன் இருந்தால்தான் அது செல்லும். உரிமம் காலாவதியானால் ஐ.டி.பி.யும் அன்றே செல்லாததாகிவிடும்.

இதற்கு அடிப்படை நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள். இன்று அதிகம் நடைமுறையில் இருப்பவை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும், 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தமும் ஆகும். இந்தியா வழங்குவது ஜெனீவா ஒப்பந்தப்படியான ஐ.டி.பி. அதன் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு. உரிமம் அதற்கு முன்பே முடிந்தால் அந்த நாள் வரைதான். வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்படுபவை மூன்றாண்டு வரை செல்லக்கூடும். இணையத்தில் 'மூன்றாண்டு செல்லும்' என்று படித்துவிட்டு நம் புத்தகத்துக்கும் அதுதான் காலம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டிலிருந்தபடியே பத்தாண்டு செல்லும் 'சர்வதேச உரிமம்' தருகிறோம் என்று பணம் வாங்கும் இணையதளங்கள் உள்ளன. உரிமம் வழங்கிய நாட்டின் அரசோ, அந்த அரசு அனுமதித்த அமைப்போ தராத எந்த அட்டைக்கும் சட்ட மதிப்பு இல்லை. அதைப் போலீசாரிடம் நீட்டுவது போலி ஆவணத்தைக் காட்டுவதாகவே ஆகும்.

இந்தியாவில் பெறுவது எப்படி?

ஐ.டி.பி. வழங்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அதாவது நம் ஆர்.டி.ஓ. அலுவலகம். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் சாரதி பகுதிக்குச் சென்று விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவத்தின் எண் 4ஏ. கட்டணம் 1000 ரூபாய். தளத்தின் சேவைக் கட்டணம் தனியாக இருக்கலாம். தேவைப்படும் ஆவணங்கள்: செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் நகல், புகைப்படம். பயணச்சீட்டு நகலையும் விசா நகலையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் இறங்கிய பிறகு விசா தரும் நாடுகளும் உண்டு என்பதால், விண்ணப்பிக்கும்போதே விசா காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும், தனியாக மருத்துவச் சான்று வேண்டும் என்ற நிபந்தனையையும் 2021 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நீக்கியது. அலுவலகத்தில் யாராவது பழைய வழக்கப்படி கேட்டால் இந்த அறிவிப்பைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஐ.டி.பி.யின் அளவும் அமைப்பும் மாறின. அதனால் வெளிநாடுகளில் பலர் சிரமப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு அறிவிக்கப்பட்டது. அதில் உள்ள கியூஆர் குறியீடு நம் ஓட்டுநர் உரிமத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். புத்தகம் கைக்கு வந்தவுடன் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து, விவரம் சரியாகத் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு ஐ.டி.பி. கிடையாது. இருசக்கர வாகன உரிமம் மட்டும் உள்ளவருக்கு, ஐ.டி.பி. வந்தாலும் அதில் கார் வகை இருக்காது. எனவே உரிமத்தில் இலகுரக மோட்டார் வாகனம், அதாவது எல்.எம்.வி. என்ற வகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உரிமத்தின் முடிவுத் தேதியையும் பாருங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 30 வயதுக்கு முன் பெற்ற உரிமம் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்தாண்டு. 50 முதல் 55க்குள் பெற்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பயணம் இந்த ஓராண்டுக்குள் வருகிறது என்றால் உரிமத்தைப் புதுப்பித்துவிட்டு, அதன்பின் ஐ.டி.பி. எடுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய நேரும்.

எப்போது விண்ணப்பிப்பது? பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு. கடைசி வாரத்தில் ஓடினால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட நேரம் இருக்காது. ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்தால் ஓராண்டு ஆயுளில் பாதி வீணாகும்.

இந்தியாவுக்கு வெளியே வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு விதி: எந்த நாட்டு உரிமமோ அந்த நாட்டில்தான் ஐ.டி.பி. எடுக்க வேண்டும். இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன், சிங்கப்பூரில் அங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன், மலேசியாவில் ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை ஆகியவை வழங்குகின்றன. சவூதி உரிமம் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் விடுமுறைக்கு வேறு நாடு செல்லும்போது சவூதியிலேயே அதற்குரிய ஐ.டி.பி. பெறலாம். எந்த நாடு வழங்கியதோ அந்த நாட்டுக்குள் அந்த ஐ.டி.பி. செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயரில்தான் பாதிச் சிக்கல்

நம் சமுதாயத்தில் அதிகம் தடுமாறும் இடம் இது. உரிமத்தில் தந்தை பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். உரிமத்தில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம், வங்கி அட்டையில் சுருக்கமாக இன்னொருவிதம். பெண்களின் ஆவணங்களில் ஒன்றில் தந்தை பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் இருக்கும்.

நம்மூரில் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். கார் நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவர் கணினியில் பதிய வேண்டியவர். பாஸ்போர்ட், உரிமம், ஐ.டி.பி., வங்கி அட்டை ஆகிய நான்கிலும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுத்து பெரிதாக மாறியிருந்தால் அவர் காரை மறுக்கலாம். முன்பதிவுப் பணமும் போகலாம். ஆகவே, ஐ.டி.பி.க்கு விண்ணப்பிக்கும் முன்பே நான்கையும் மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மாறுபாடு இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி உரிமத்தைத் திருத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

டிஜிலாக்கரில் உள்ள உரிமம் இந்தியாவுக்குள் செல்லும். வெளிநாட்டுக் கவுண்டரில் அதை நம்ப வேண்டாம். அசல் அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நகலை மட்டும் வைத்துக்கொண்டு அசலை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துவது இந்த விஷயத்தில் பயன் தராது.

நாட்டுக்கு நாடு விதி மாறும்

சவூதி அரேபியா: பயணியாக வருபவர் செல்லுபடியாகும் தம் நாட்டு உரிமம் அல்லது ஐ.டி.பி.யைக் கொண்டு, நாட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஓராண்டு வரையோ உரிமம் முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரை ஓட்ட அங்குள்ள சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கார் தருவது நிறுவனம். சட்டம் இரண்டில் ஒன்று போதும் என்றாலும் நிறுவனம் இரண்டையும் கேட்கலாம். இரண்டும் கையில் இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. பாஸ்போர்ட்டும், நுழைவின்போது தரப்படும் எல்லை எண்ணும் தேவைப்படும். வாடகை ஒப்பந்தம் 'தஃஜீர்' என்னும் அரசுத் தளத்தில் மின்னணு முறையில் பதிவாகிறது. காரை யார் ஓட்டுகிறார் என்பது அரசின் பதிவேட்டில் இருக்கும் என்று இதற்குப் பொருள்.

இதில் ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். ஜித்தாவிலோ ரியாதிலோ வேலை செய்யும் மச்சான் தன் இகாமாவில் காரை வாடகைக்கு எடுப்பார். உம்ராவுக்கு வந்த மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டு போவார். ஒப்பந்தத்தில் மாப்பிள்ளையின் பெயர் இல்லை. கேமராவில் பதிவாகும் அபராதம் மச்சான் பெயரில் விழும். விபத்து நடந்தால் அவருடைய வேலையும் இகாமாவும்கூடச் சிக்கலில் மாட்டும். காரை ஓட்டப்போகிற ஒவ்வொருவரையும் கூடுதல் ஓட்டுநராக ஒப்பந்தத்தில் சேர்ப்பது ஒன்றே சரியான வழி. அதேபோல, இகாமா பெற்று அங்கே குடியிருப்பவர் பயணிக்கான சலுகையைக் கொண்டு ஓட்டக் கூடாது. அவர் சவூதி உரிமம் பெற வேண்டும்.

பெண்கள் வாகனம் ஓட்ட 2018 ஜூன் 24 முதல் சவூதியில் அனுமதி உண்டு. உரிமம் உள்ள சகோதரிகளையும் அதே ஆவணங்களோடு கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாம். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர். உம்ரா முடித்த களைப்போடு ஒருவரே முழுத் தொலைவும் ஓட்டுவதை விட, இருவர் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பது நல்லது. அங்கே சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். ஹஜ் காலத்தில் அனுமதி இன்றி மக்காவுக்குள் நுழையவே முடியாது என்பதால் அப்போது வாடகைக் கார் திட்டமே வேண்டாம்.

ஐக்கிய அரபு அமீரகம்: சில நாடுகளின் பயணிகள் தம் உரிமத்தை மட்டும் வைத்து ஓட்டலாம். இந்திய உரிமத்தோடு விசிட் விசாவில் செல்பவருக்கு ஐ.டி.பி. தேவை. ரெசிடென்ஸ் விசா கிடைத்துவிட்டால் நிலைமை மாறும். அன்றிலிருந்து அமீரக உரிமம் வேண்டும். ஐ.டி.பி.யில் இன்னும் எட்டு மாதம் மீதி இருக்கிறதே என்று ஓட்டினால் அது உரிமமின்றி ஓட்டியதாகவே கருதப்படும். விசிட் விசாவில் போய் வேலை கிடைத்து விசா மாற்றும் நம் இளைஞர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

மலேசியா: இந்தியாவைப் போல அங்கும் சாலையின் இடப்புறம்தான் செல்ல வேண்டும் என்பதால் நம்மவர்களுக்கு ஓட்ட எளிது. உரிமத்தோடு ஐ.டி.பி.யையும் கொண்டு செல்லுங்கள். அங்கே எடுத்த காரில் சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ செல்ல நினைத்தால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். எல்லை தாண்டினால் காப்பீடு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

இலங்கை: பக்கத்து நாடு என்பதால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். ஐ.டி.பி.யைக் கொண்டு போய் கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் அலுவலகத்தில் ஏற்பு முத்திரை பெறுவது நீண்டகால நடைமுறை. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தற்காலிக ஓட்டுநர் உரிமம் வழங்கும் கவுண்டர் திறக்கப்பட்டது. இறங்கியவுடன் அதை முடித்துவிட்டு வெளியே வருவது நல்லது.

பிற நாடுகள்: பிரிட்டனில் பயணிகள் செல்லுபடியாகும் தம் நாட்டு உரிமத்தோடு 12 மாதம் வரை சிறிய வாகனங்களை ஓட்டலாம். ஜப்பானில் ஜெனீவா ஒப்பந்தப்படியான ஐ.டி.பி. செல்லும். அதனால் இந்தியப் புத்தகம் அங்கே பயன்படும். சீனப் பெருநிலத்தில் ஐ.டி.பி. அறவே செல்லாது. ஒரு நாட்டில் அனுபவப்பட்டவர் சொன்னதை இன்னொரு நாட்டுக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இந்த மூன்றுமே போதும். எந்த நாடானாலும் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தளத்தைப் பார்த்துவிட்டு, கார் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலை அச்செடுத்து உடன் வையுங்கள்.

கவுண்டரில் கவனிக்க வேண்டியவை

ஓட்டுநரின் வயதுக்குப் பல நிறுவனங்கள் 21 அல்லது 25 என்று எல்லை வைத்திருக்கின்றன. உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்பதுண்டு. முன்பதிவு செய்யும்போதே இதைப் பாருங்கள்.

முன்பணத்துக்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பது பரவலான வழக்கம். வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகக் கிரெடிட் கார்டே வைத்துக்கொள்ளாத குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்கள் டெபிட் கார்டையோ ரொக்க முன்பணத்தையோ ஏற்கும் நிறுவனத்தை ஊரிலிருந்தே தேடி உறுதி செய்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் பிள்ளைகளோடு விமான நிலையத்தில் நின்றுகொண்டு, யாரோ ஒருவருடைய அட்டையைக் கடன் கேட்கும் நிலைக்கு வரக் கூடாது. பிறர் பெயரிலுள்ள அட்டையை நிறுவனம் ஏற்காது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கைப் பாருங்கள். ஓட்டுநர்கள் அனைவரின் பெயரும் இருக்கிறதா? காப்பீடு எதையெல்லாம் ஈடுசெய்யும், நாம் செலுத்த வேண்டிய பங்கு எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எந்தப் பகுதிக்கு, எந்த நாட்டுக்குக் கொண்டுபோகத் தடை? பிறகு காரை நான்கு பக்கமும் படம் எடுங்கள். கீறல் இருந்தால் ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் ஆவணம் என்ன செய்யும்?

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இந்தப் பகுதியில் இருக்கிறது. அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!

தவறுதலாக ஓர் உயிர் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் சட்டமாக்கியிருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் எனும் நஷ்டஈடு சேர வேண்டும். காரணமானவர் கஃப்பாரா எனும் பரிகாரமும் செய்ய வேண்டும். அடிமை விடுதலைக்கு வழியில்லாத இக்காலத்தில் அது தொடர்ச்சியாக இரண்டு மாத நோன்பு. சவூதியில் இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டம் அல்ல, நீதிமன்றத் தீர்ப்பு. விபத்தில் இறந்த முஸ்லிம் ஆணுக்கான தியத் 2011இல் 3 லட்சம் ரியாலாக நிர்ணயிக்கப்பட்டது. நம் பணத்தில் அறுபது லட்சம் ரூபாய்க்கும் மேல்.

இந்தத் தொகையை ஒரு சாதாரணக் குடும்பம் தாங்காது. அதைத் தாங்குவதற்காகத்தான் அந்நாட்டுச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் காப்பீட்டு விதியில் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டியவருக்கு அந்த வகை வாகனத்துக்கான உரிமம் இல்லை என்றால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாளியிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டணத்தையும் ஒருநாள் அலைச்சலையும் மிச்சப்படுத்தியவர் இங்கே அறுபது லட்சத்துக்குக் கடனாளியாக நிற்கிறார். வழக்கு முடியும் வரை ஊர் திரும்பவும் முடியாது. உம்ராவுக்கு அழைத்து வந்த பெற்றோரும் பிள்ளைகளும் அந்நிய ஊரில் தவிப்பார்கள்.

காப்பீடு கொடுத்துவிட்டாலும் கஃப்பாரா நம் மீதே நிற்கும். அதை எந்த நிறுவனமும் ஏற்றுக்கொள்ளாது.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

காரை வாடகைக்கு எடுப்பது ஃபிக்ஹில் இஜாரா ஒப்பந்தம். வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவரின் கையில் அமானத்தாக இருக்கிறது. அவர் வரம்பு மீறாமலும் அலட்சியம் செய்யாமலும் இருந்து, பொருள் தானாகச் சேதமடைந்தால் அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபடுகின்றன. ஆனால் உரிமையாளர் அனுமதிக்காத வகையில் பயன்படுத்தினால் அது வரம்பு மீறல். அந்த நிமிடத்திலிருந்து சேதத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பதும், தடுக்கப்பட்ட எல்லையைத் தாண்டுவதும், செல்லாத ஆவணத்தைக் காட்டிக் கார் பெறுவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. செல்லாத ஆவணத்தைக் காட்டுவதில் ஏமாற்றிய பாவமும் சேர்கிறது.

போக்குவரத்து விதி மனிதர்கள் போட்டதுதானே, மீறினால் மார்க்கத்தில் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1993 ஜூனில் புருணையில் நடந்த தன் எட்டாவது அமர்வில் இதை ஆராய்ந்து 71ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணாக இல்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை என்பது அதன் சாரம். மக்களின் உயிரையும் பொருளையும் காக்கும் நன்மைக்காக ஆட்சியாளர் வகுத்த ஒழுங்குக்குக் கட்டுப்படுதல் என்ற அடிப்படையில் அது அமைந்துள்ளது. வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும், தடுக்க இயலாத பேரிடர், பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல், மூன்றாமவரின் தவறு ஆகியவற்றால் நேர்ந்தால் விலக்கு உண்டு என்றும் அத்தீர்மானம் விளக்குகிறது. உரிய உரிமம் இல்லாமல் சாலையில் இறங்கியவர், தன்மீது தவறே இல்லை என்று எப்படி நிரூபிப்பார்?

அபராதமும் அப்படித்தான். ஊர் திரும்பிவிட்டோம், இனி யார் கேட்பார்கள் என்று விட்டுவிடுவது கூடாது. முன்பணத்திலிருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ளாத தொகை நம் பொறுப்பிலுள்ள கடன். மச்சான் பெயரில் விழுந்த அபராதமும் அவரிடம் கேட்டு, கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய கடன்.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

1. உரிமம்: அசல் அட்டை, கார் வகை, திரும்பும் தேதிக்குப் பிறகும் நீளும் காலம்.
2. ஐ.டி.பி.: ஆர்.டி.ஓ. வழங்கியது, பயணம் முழுவதும் அதன் ஓராண்டுக்குள் அடங்குவது.
3. பாஸ்போர்ட், உரிமம், ஐ.டி.பி., வங்கி அட்டை: நான்கிலும் ஒத்துப்போகும் பெயர்.
4. செல்லும் நாட்டில் நம் விசாவுக்குரிய விதி: பயணியா, குடியிருப்பவரா?
5. நிறுவனம் எழுத்தில் தந்த உறுதி: ஆவணம், வயது, முன்பணம்.
6. ஓட்டப்போகும் அனைவருக்கும் தனித்தனி ஐ.டி.பி., ஒப்பந்தத்தில் தனித்தனிப் பெயர்.
7. எல்லா ஆவணங்களின் நகலும் வீட்டில் ஒருவரிடமும் கைபேசியிலும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் காரை விட்டுவிடுங்கள். ஜித்தா, மக்கா, மதீனாவை இணைக்கும் ஹரமைன் ரயில் 2018 முதல் ஓடுகிறது. பேருந்தும் டாக்சியும் உண்டு. சற்றுச் செலவு கூடினாலும் பரவாயில்லை. இபாதத்துக்காகப் புறப்பட்ட பயணத்தில் யாருடைய ஹக்கையும் சுமந்துகொண்டு திரும்பாமல் இருப்பதே முக்கியம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடத்தை நாம் அறிவோம். ஆவணங்களைச் சரிசெய்வதும் அந்தக் கயிற்றைக் கட்டும் வேலைதான். பயண துஆவை ஓதி வாகனத்தில் ஏறும் முன் அந்த வேலையை முடித்துவிடுவோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நம்மாலும் பிறராலும் எவருக்கும் தீங்கு நேராமல் காத்து, நம்மைக் குடும்பத்தாரிடம் நலமாகத் திருப்பிச் சேர்ப்பானாக! ஆமீன்.